காவல் என்று ஒரு செஷன்

கட்டுக்கதை என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். ஹஃப்சாவிடமே போய்ச் சொன்னாலும் அவள் சண்டைக்கு வரமாட்டாள். எழுந்து போய் வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்து உட்காருவாள். அவ்வளவுதான். இத்தனைக்கும் அது நடந்தது ராத்திரியில் அல்ல. பட்டப்பகலில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம்.

மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊர். பெயர் வேண்டாம். விசைப்படகுகள் நிற்கும் ஜெட்டிக்கு எதிரே ஓர் ஐஸ் கம்பெனி, அதன் மாடியில் படகு உரிமையாளர் சங்கத்தின் ஆபீஸ். புதுக்கோட்டையில் பிசிஏ முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஹஃப்சாவுக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. உள்ளூரிலேயே வேலை என்பதில் உம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

ஒவ்வொரு படகிலும் சின்னதாக ஒரு கருவி இருக்கும். படகு எங்கே நிற்கிறது என்று சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆபீஸ் மொட்டைமாடியில் உள்ள ஆண்டெனா அதைப் பிடித்து, பூட்டிய உள்ளறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். அதில் ஓடும் புரோகிராம், எந்தப் படகு ஆபீஸிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வரிவரியாகக் காட்டும். படகு இலங்கை எல்லைப் பக்கம் போனாலோ, நடுக்கடலில் அசையாமல் நின்றுவிட்டாலோ வீட்டாருக்கு மெசேஜ் போகும். ஹஃப்சா முன்னறையில் உட்கார்ந்து, லேப்டாப்பில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து, அதன் வழியாக உள்ளறைக் கம்ப்யூட்டருக்குள் போய் வேலை பார்ப்பாள்.

சேர்ந்த முதல் வாரமே சறுக்கியது. சாயங்காலம் புரோகிராமை ஓடவிட்டு, லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ஜன்னலை மூடினால் அதற்குள் ஓடிய புரோகிராமும் சேர்ந்து செத்துப்போகும் என்பது அவளுக்குத் தெரியாது. அன்று ராத்திரி ஒரு படகு இன்ஜின் நின்று, நீரோட்டத்தில் எல்லைப் பக்கமாக இழுபட்டுப் போனது. யாருக்கும் மெசேஜ் வரவில்லை. விடிந்த பிறகு வேறு படகுக்காரர்கள் கண்டு, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அதில் டிரைவராக இருந்தவன் அவளுடைய சொந்த அண்ணன் அப்துல்லா.

யாரும் அவளைத் திட்டவில்லை. அப்துல்லாகூட ஒன்றும் சொல்லாமல் குளித்துவிட்டுப் படுத்துக்கொண்டான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இனி எக்காரணத்தைக் கொண்டும் அந்தப் புரோகிராம் நிற்கக்கூடாது என்று முடிவு செய்தாள்.

இணையத்தில் தேடியதில் வழி கிடைத்தது. புரோகிராமை நேராக ஜன்னலில் ஓட்டாமல், உள்ளறைக் கம்ப்யூட்டரிலேயே தனியாக ஒரு செஷன் தொடங்கி அதற்குள் ஓட்ட வேண்டும். பிறகு செஷனை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம். ஜன்னலை மூடினாலும், லேப்டாப்பை அணைத்தாலும் உள்ளே அதுபாட்டுக்கு ஓடும். மறுநாள் வந்து மறுபடி அதற்குள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். உள்ளறைக் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் போனால் மட்டும்தான் அது சாகும்.

புதிதாக ஒன்றைத் தொடங்கும் முன், ஏற்கெனவே ஏதாவது செஷன் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தாள். இருக்காது என்றுதான் நினைத்தாள்.

ஒன்று இருந்தது.

ஆங்கில எழுத்தில் ‘காவல்’ என்று பெயர். பெயருக்குப் பக்கத்தில் ‘அட்டாச்டு’ என்று ஒரு குறிப்பு. அப்படியென்றால், அந்த நிமிஷம் யாரோ அதற்குள் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவளுக்கு உடனே நாகராசுவின் நினைப்புதான் வந்தது. அவளுக்கு முன் அந்த வேலையைப் பார்த்தவன். போன வருஷம் திடுதிப்பென்று கத்தாருக்குக் கிளம்பிவிட்டான். அங்கே உட்கார்ந்துகொண்டு இங்கே எட்டிப் பார்க்கிறானா?

ஹஃப்சாவும் அந்தச் செஷனுக்குள் போனாள். அதே புரோகிராம், அதே படகுகள். இதிலிருந்து யாருக்கும் மெசேஜ் போகாது, வெறுமனே காட்டும். ஆனால் கடைசியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. மற்ற வரிகளில் படகின் பெயர் இருக்கும். இதில் பெயர் இல்லை, வெறும் தூரம் மட்டும். நடுக்கடலில், அசையாமல் நின்றது.

முன்னறையின் மறுகோடியில் வயர்லெஸ் செட்டோடு உட்கார்ந்திருப்பவர் சந்தனம். அந்த ஜெட்டியிலேயே வளர்ந்த மனிதர். ஹஃப்சாவைப் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் கேட்டாள்.

“அது கெடந்துட்டுப் போகுது பாப்பா. ஒனக்கு வேணும்னா தனியா ஒண்ணு போட்டுக்க. அதைத் தொடாத.”

“அது யாரு படகுண்ணே?”

சந்தனம் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். வயர்லெஸ் அணைந்து கிடந்தது.

ஹஃப்சாவின் சந்தேகம் அங்கேதான் வேர்விட்டது. அந்தக் கடலில் மீனைத் தவிர வேறு சமாச்சாரங்களும் போய் வரும். கடல் அட்டை, மஞ்சள் மூட்டை, அதைவிட மோசமான பொட்டலங்கள். பெயரில்லாத ஒரு படகு. அதைக் கண்காணிக்க ஒரு ரகசியச் செஷன். கத்தாரில் ஒருத்தன், இங்கே ஒருத்தர். நாளைக்குப் போலீஸ் வந்தால் கம்ப்யூட்டரில் கை வைத்தவள் யார் என்றுதானே கேட்பார்கள்?

அன்றிலிருந்து சந்தனத்தைக் கவனிக்க ஆரம்பித்தாள். காலையில் வந்ததும் அவர் கண் முதலில் போவது அவளுடைய லேப்டாப்புக்குத்தான். கிளம்பும்போதும் அப்படியே. ஒருநாள் அவள் கீழே டீ குடித்துவிட்டு மேலே வந்தபோது, லேப்டாப்புக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் ஒன்றும் நடக்காததுபோல் நகர்ந்து போனார்.

சங்கத்தின் செயலாளர் சேக் அலாவுதீனிடம் சொன்னாள். உம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம், சாச்சா என்று கூப்பிடுவாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, அது ரொம்ப நாளாக ஓடுவதுதான், ஓடட்டும் என்றார். அடுத்த மூச்சிலேயே, உம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

இவருக்கும் தெரியும் என்று அவளுக்குப் புரிந்தது.

பாஸ்வேர்டை மாற்றினாள். காவல் செஷனில் அந்த ஆள் அப்படியே இருந்தான். முன்னறையில் இருந்த இன்டர்நெட் ஒயரைச் சற்று நேரம் பிடுங்கி வைத்தாள். இப்போது கத்தாரிலிருந்து யாரும் வர முடியாது. ஆனாலும் அட்டாச்டு என்றே காட்டியது. அப்படியானால் ஆள் வெளியூரில் இல்லை. இந்தக் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை, சந்தனம் சாப்பிடப் போன நேரம் பார்த்துச் சாவியை எடுத்து உள்ளறையைத் திறந்தாள். யாரும் இல்லை. மேஜைமேல் கம்ப்யூட்டர் பெட்டி. அதில் கீபோர்டு இல்லை, மானிட்டரும் இல்லை. கரண்டுக்கு ஒரு ஒயர், ஆண்டெனாவுக்கு ஒன்று, முன்னறையில் அவளுடைய லேப்டாப்புக்கும் இன்டர்நெட்டுக்கும் போவது ஒன்று. அவ்வளவுதான். தட்டுவதற்குக்கூட அங்கே ஒன்றும் இல்லை.

அந்த அறையில் ஒரு வாடை மட்டும் இருந்தது. மீன் வாடை என்றால் அவளுக்குப் பழக்கம். இது மீன் இல்லை. ஆழ்கடலில் படகு நிற்கும்போது வருமே, வெறும் உப்புத் தண்ணீரின் வாடை.

வந்து உட்கார்ந்தாள். காவல் செஷனை நிறுத்தும்படி கட்டளை கொடுத்தாள். நின்றது. அதோடு விடவில்லை. உள்ளறைக்குப் போய்க் கரண்டு ஒயரையே பிடுங்கினாள். பெட்டி மொத்தமாக அணைந்தது. சற்று நேரம் அப்படியே விட்டு, மறுபடி செருகினாள். தன் பெயரில் புதுச் செஷன் ஒன்று தொடங்கி, அதில் புரோகிராமை ஓடவிட்டாள். பட்டியலில் இப்போது ஒரே ஒரு செஷன். அவளுடையது.

அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஐப்பசிக் காற்று. கடலுக்குப் போக வேண்டாம் என்று முந்தின நாளே அறிவிப்பு வந்துவிட்டதால் எல்லாப் படகும் ஜெட்டியில் கட்டிக் கிடந்தன. ஹஃப்சா லேப்டாப்பைத் திறந்து பட்டியலைக் கேட்டாள்.

இரண்டு செஷன்கள். ஒன்று அவளுடையது. இன்னொன்று காவல்.

அட்டாச்டு.

அது தொடங்கிய தேதியையும் காட்டியது. நேற்றைய தேதி இல்லை. அவள் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த வருஷத்துத் தேதி. கரண்டையே பிடுங்கிய பிறகு எந்தச் செஷனும் உயிரோடு இருக்க முடியாது. இது தெரிந்தும், கம்ப்யூட்டரின் கடிகாரம் கெட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேறு எப்படிச் சொல்லிக்கொள்வது?

ஜும்ஆ தொழுகைக்குச் செயலாளர் கிளம்பினார். கீழே ஐஸ் கம்பெனி ஆட்களும் போய்விட்டார்கள். காற்று வலுத்ததால் படகுகளுக்கு இன்னொரு கயிறு போட வேண்டும் என்று சந்தனம் கையடக்க வயர்லெஸை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் புறப்பட்டார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

“பாப்பா, நேத்து எதையும் நிறுத்துனியா?”

இல்லை என்றாள். அவர் படியிறங்கிப் போனார்.

ஒரு மணி சுமாருக்குக் கரண்டு போனது. கீழே எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும் ஐஸ் கம்பெனி மோட்டார் நின்றது. அந்தச் சத்தம் இல்லாமல் அந்த மாடியை அவள் கேட்டதே இல்லை. உள்ளறையில் யுபிஎஸ் மட்டும் பீப்... பீப்... என்று அடித்துக்கொண்டிருந்தது. காற்று வரட்டும் என்று மாடிக்கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, காவல் செஷனுக்குள் போனாள்.

எல்லாப் படகும் ஜெட்டியில். தூரம் மாறவில்லை.

கடைசி வரி மட்டும் மாறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர். பத்து. ஏழு.

வருகிறது.

கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு துடிப்பு. மொபைலில் கேமராவைத் திறந்துகொண்டு ஜன்னலுக்குப் போனாள். கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு படகும் இல்லை. ஓடிவந்து திரையைப் பார்த்தாள்.

மூன்று கிலோமீட்டர்.

எந்த விசைப்படகும் இந்த வேகத்தில் வராது.

மறுபடி ஜன்னல். வெறும் தண்ணீர். மறுபடி திரை. இப்போது அந்தத் தூரம், ஜெட்டியில் கட்டிக்கிடக்கும் படகுகளின் தூரத்தைவிடக் குறைந்திருந்தது.

அப்படியானால் அது படகுகளைத் தாண்டிவிட்டது.

கரையேறிவிட்டது.

ஹஃப்சா கீழே எட்டிப் பார்த்தாள். ஈர ரோடு. ஏலக்கூடம். சாத்திய கடைகள். ஆள் நடமாட்டமே இல்லை.

அப்போது திரையில், வரிகளுக்குக் கீழே இருந்த காலியிடத்தில், எழுத்துகள் வந்தன. ஒவ்வொன்றாக. யாரோ தட்டுவதுபோல். ஆங்கில எழுத்தில் தமிழ்.

கதவைச் சாத்து.

அவள் கை கீபோர்டில் இல்லை.

‘யாரு’ என்று அடித்தாள். அதே வார்த்தைதான் வந்தது. வேகமாக.

சாத்து சாத்து சாத்து...

கீழே படிக்கட்டில் ஒரு சத்தம்.

சளக்...

நனைந்த கால் வைப்பதுபோல்.

சளக்... சளக்...

ஹஃப்சா ஓடிப்போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மறுபக்கம் அந்தச் சத்தம் கடைசிப் படியில் வந்து நின்றது.

பிறகு, தட்டியது. மெதுவாக.

“ஹஃப்சா. கதவைத் திற.”

சந்தனத்தின் குரல்.

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. தாழ்ப்பாளில் கை வைத்தாள். அப்புறம்தான் உறைத்தது.

சந்தனம் அவளை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“ஹஃப்சா. திற. நனையுறேன்ல.”

பின்னால் மேஜைமேல், பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் கரகரத்தது.

“பாப்பா... சந்தனம் பேசுறேன். ஜெட்டியில இருக்கேன். கரண்டு வந்துருச்சாம்மா?”

கதவுக்கு வெளியே நின்றதற்கும் அது கேட்டிருக்கும்.

தட்டுவது நின்றது.

கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தது. மெல்ல. அவள் கால்விரலைத் தொட்டது. ஐஸ் போலக் குளிர்ந்தது.

திரையில் ஒரே ஒரு வார்த்தை.

பேசாதே.

வாயைப் பொத்திக்கொண்டாள்.

பீப்...

பீப்...

எவ்வளவு நேரமோ.

சளக்... ஒரு படி கீழே. சளக்...

திரையில் தூரம் அதிகரிக்க ஆரம்பித்தது. ரோடு. ஜெட்டி. கடல்.

சற்று நேரத்தில் நிஜமான சந்தனம் வந்து கதவைத் தட்டினார். ஹஃப்சா திறக்கவில்லை. ‘பாப்பா’ என்று எத்தனை முறை கூப்பிட்டும் திறக்கவில்லை. கடைசியில் அவர் கதவுக்கு வெளியே நின்றபடியே கையிலிருந்த வயர்லெஸில் பேசினார். உள்ளே மேஜைமேல் இருந்த செட்டிலும் அதே குரல் ஒலித்த பிறகுதான் தாழ்ப்பாளை விலக்கினாள்.

படிக்கட்டு முழுக்க ஈரமாக இருந்தது. சந்தனம் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது. அப்படியே மேல்படியில் உட்கார்ந்து, மொபைலை எடுத்துக் கத்தாருக்கு அடித்தார். இரண்டு வார்த்தை பேசிவிட்டு அவளிடம் கொடுத்தார்.

நாகராசு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“அதை நிறுத்துனியா?”

“ம்...”

“நானும் ஒரு தடவை நிறுத்துனேன். எனக்கும் கதவைச் சாத்துன்னுதான் வந்துச்சு. அடுத்த வாரமே ஊரை விட்டுக் கெளம்பிட்டேன்.”

காவல் என்று அந்தச் செஷனைத் தொடங்கியது அவன்தானே என்று கேட்டாள்.

“இல்ல. நான் வேலைக்கு வாரப்பவே அது ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. பிரகதீஸ்வரி அக்கா போட்டது.”

அந்தப் பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அந்த அக்கா இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். நாகராசு போனை வைத்துவிட்டான்.

அன்றோடு அவள் வேலையை விட்டாள். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்குச் செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். சொன்னால் யார் வேலைக்கு வருவார்கள், ஆள் இல்லாமல் போனால் கடலில் இருப்பவர்களுக்கு யார் பொறுப்பு என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்துல்லா இன்றும் கடலுக்குப் போகிறான். வேறு ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஹஃப்சா அவரைத் தேடிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். காவல் செஷன் இன்னும் ஓடுகிறது. கடைசி வரி நடுக்கடலில், அசையாமல் நிற்கிறது.

பிரகதீஸ்வரியைப் பற்றி அவளுக்குச் சொன்னது சந்தனம்தான், பல நாள் கழித்து, அவள் வீட்டு வாசலில் நின்றபடி. உள்ளே வந்து உட்காரக்கூட அவர் சம்மதிக்கவில்லை. சங்கம் அப்போதே வெளியே தெரியாமல் மூடிவிட்ட விஷயம் அது.

சங்கத்தில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வைத்தபோது வேலைக்கு வந்த பெண். அறந்தாங்கிப் பக்கத்துக்காரி. அவளுக்கு நேர்ந்ததும், ஹஃப்சா ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம், ஒரு மழைக்கால மதியம்தான். எல்லாப் படகும் கரையில் இருந்தன. மாடிப்படியில் யாரோ பிரகதீஸ்வரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், “இந்தா வாரேண்ணே” என்று அவள் எழுந்து வந்து கதவைத் திறந்ததும் கீழே ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டிருக்கிறது. அன்றைக்கு அவளைக் கூப்பிட மாடிக்குப் போனதாக ஊரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் போய்ப் பார்த்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்து கிடந்தாள். லேப்டாப்பை மூடி, அதன்மேல் இரண்டு கையையும் அழுத்தி வைத்திருந்தாள். தலைமுடி காய்ந்திருந்தது. புடவை காய்ந்திருந்தது. தலையில் வைத்திருந்த மல்லிகைகூட வாடவில்லை.

போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர், எந்த இடத்தில் கடலில் விழுந்தாள் என்று சந்தனத்திடம் திரும்பத் திரும்பக் கேட்டாராம். நுரையீரல் நிறையக் கடல் தண்ணீர் இருந்ததாம்.